சின்னப் பிள்ளை பிறந்தது என் ரத்தத்தாலா, கண்ணீராலா?

நான்கு நோட்டுத் தாள்களில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய கடிதம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதனால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வயது 27. பெற்றோர் 1990இல் மன்னார் பக்கமிருந்து படகேறி வந்தவர்கள். இவர் பிறந்து வளர்ந்தது மண்டபம் அகதி முகாமில். பாம்பன் தீவில் ஒரு கடற்கரைக் கிராமத்து மீனவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டார். மூத்த மகளுக்கு இப்போது மூன்று வயது. அவளைச் சுமந்திருந்த ஏழாம் மாதத்தில் கணவர் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, 52 நாள் அக்கரைச் சிறையில் இருந்தார். பிள்ளை 36 வாரத்தில் பிறந்தது. எடை 1 கிலோ 900 கிராம். பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

இப்போது மறுபடியும் கர்ப்பம், 17 வாரம். மாமியார் இப்போதே ஆரம்பித்துவிட்டார்: "ஒண்ட வந்த ரத்தம், எலிக்குஞ்சுதான் போடும்." கணவர் திருப்பிப் பேசுவதில்லை. அவர் கடலுக்குப் போகிற இரவெல்லாம் இவருக்குத் தூக்கமில்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்குப் பிள்ளைகள் சின்னதாகப் பிறப்பதாகப் போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். 'அப்படியானால் இனத்துக்கும் எடைக்கும் தொடர்பு உண்டுதானே டாக்டர்? எங்கட ஆட்களின் ரத்தமே அப்படியா? இல்லாவிட்டால் அந்த 52 நாளும் நான் அழுது அழுது பிள்ளையைக் கரைத்துவிட்டேனா?' என்பது அவர் கேள்வி. கூடவே இரண்டு சின்னக் கேள்விகள்: நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடுமா? மூத்தவள் மந்தமாக வளர்வாளா?

அன்புள்ள தங்கைக்கு,

ரத்தமா, கண்ணீரா என்பதற்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் ஒரு வரி: 'கடைசி மாதம் காலும் முகமும் வீங்கி, தலைவலியோடு போனேன். பிரசர் ஏறிவிட்டது என்று ஊசி போட்டு வலி வரவைத்தார்கள்.' கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். நீங்கள் பாதியில் வேறு வேலைக்குப் போக வேண்டியிருந்தால், நடுவில் இருப்பதை விட்டுவிட்டு 'பிரசர்' என்று தலைப்புப் போட்ட இடத்தை முதலில் படியுங்கள்.

ரத்தம் என்ற பேச்சு

முதலில் அந்த அமெரிக்க விஷயம். வீடியோவில் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை அவர்கள் சொல்லவில்லை. ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இல்லினாய் மாநிலத்தின் பிறப்புப் பதிவேடுகளை எடுத்து ஒரு கணக்குப் பார்த்தார்கள். 1997இல் வெளியானது. அமெரிக்காவில் பிறந்த வெள்ளைக்காரத் தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 3,446 கிராம். அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினத் தாய்மாரின் பிள்ளைகள் 3,089 கிராம். இந்த இரண்டு எண்களோடு நிறுத்தினால் உங்கள் மாமியார் சொல்வது சரி என்றுதான் தோன்றும். ஆனால் மூன்றாவதாக ஒரு கூட்டமும் அந்தக் கணக்கில் உண்டு: ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபோன கறுப்பினப் பெண்கள். அவர்கள் பிள்ளைகளின் சராசரி 3,333 கிராம், அதாவது வெள்ளைக்காரர்களுக்குப் பக்கத்தில். ரத்தம்தான் காரணம் என்றால் ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்தவர்களுக்கல்லவா பிள்ளை இன்னும் சின்னதாகப் பிறந்திருக்க வேண்டும்? அதே ஆய்வாளர்கள் பிறகு தலைமுறைக் கணக்கும் பார்த்தார்கள். குடிவந்த வெள்ளைக்காரப் பெண்களின் வழியில் அடுத்த தலைமுறைக்கு எடை கூடியது. குடிவந்த கறுப்பினப் பெண்களின் வழியில் குறைந்தது. ஒரே தலைமுறையில் ரத்தம் மாறாது. அந்த ஊரில் கறுப்பராக வாழ்ந்ததுதான் மாறிய விஷயம்.

நம் நாட்டுக் கதையும் இதுதான். இங்கிலாந்தில் பிறக்கும் பிள்ளையைவிட நம் பிள்ளைகள் சராசரியாகச் சின்னவைதான், மறுக்கவில்லை. ஆனால் எட்டு நாடுகளில், நன்றாகச் சாப்பிட்டு, நோயில்லாமல், ஒழுங்காகச் செக்கப்புக்குப் போன தாய்மாரை மட்டும் எடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2014இல் முடிவு வந்தது. நம் நாட்டிலிருந்து அதில் சேர்ந்தது நாக்பூர். இனம் வேறு, நிறம் வேறு, ஆனால் அந்தத் தாய்மாரின் பிள்ளைகள் வளர்ந்த விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

மாமியாருக்குப் பிள்ளைகள் நாலு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலும் வீட்டுப் பிரசவமாம். அப்படியானால் அந்த நாலு பேரும் பிறந்தபோது எத்தனை கிலோ என்று யாருக்குத் தெரியும்? உங்கள் மகளை மட்டும்தான் தராசில் வைத்தார்கள். (இதை அவரிடம் கேட்டுச் சண்டை இழுக்க வேண்டாம். நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.)

ஒன்று மட்டும் உண்மை. ஒரு பெண்ணின் கருப்பையும் இடுப்பும் உயரமும் அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாப்பிட்டதையும் பட்ட நோயையும் நினைவு வைத்திருக்கும். முகாமில் ஒற்றை அறையில் ஆறு பேராக வளர்ந்தோம், முட்டை தம்பிகளுக்குத்தான் என்று எழுதியிருந்தீர்கள். அது பிள்ளையின் எடையில் கொஞ்சம் தெரியலாம். அதன் பெயர் ரத்தம் இல்லை. முட்டை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அழுததாலா?

இதற்கு 'இல்லை' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட ஆசை. ஆனால் நீங்கள் விவரமாகக் கேட்டிருக்கிறீர்கள், நானும் விவரமாகச் சொல்கிறேன்.

மன அழுத்தத்துக்கும் எடைக்கும் தொடர்பு உண்டு. 2008 மே மாதம், அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்ற சின்ன ஊரில் ஒரு இறைச்சித் தொழிற்சாலைக்குள் குடியேற்ற அதிகாரிகள் புகுந்து ஏறக்குறைய 400 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கத் தொழிலாளிகள். அதற்கு அடுத்த மாதங்களில் அந்த மாநிலம் முழுக்க லத்தீன் வம்சாவளித் தாய்மாருக்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு, முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 24 சதவீதம் கூடியிருந்தது. கவனியுங்கள், அந்த ஊரில் மட்டும் இல்லை, மாநிலம் முழுக்க. அமெரிக்காவிலேயே பிறந்து, எந்த அதிகாரியும் தொட முடியாத நிலையில் இருந்த பெண்களுக்கும் கூடியது. அதே காலத்தில் வெள்ளைக்காரத் தாய்மாருக்குக் கூடவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய ஆறு மாதத்தில் கலிபோர்னியாவில் அரபுப் பெயர் வைத்திருந்த பெண்களுக்கும் இதுபோலவே நடந்தது. கதவை எப்போது தட்டுவார்களோ, தெருவில் யார் என்ன சொல்வார்களோ என்ற பயம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் உடம்புக்குள் உட்கார்ந்திருந்தால் கார்ட்டிசால் மாதிரியான சுரப்புகள் கூடுகின்றன. நஞ்சுக்கொடி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், ஆனால் முழுதாகத் தடுக்க முடியாது. சிலருக்கு வலி முன்கூட்டியே வந்துவிடுகிறது. சிலருக்குக் கருப்பைக்குப் போகிற ரத்த ஓட்டம் குறைகிறது. தூக்கமும் பசியும் கெடுவது தனி.

இப்போது இதன் மறுபக்கம். 24 சதவீதம் கூடிய பிறகும், அந்தப் பயத்திலும் மிகப் பெரும்பாலான தாய்மார் சரியான எடையில்தான் பிள்ளை பெற்றார்கள். அப்புறம், அந்தப் பெண்கள் அழுததாலா பிள்ளை இளைத்தது? ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனதால். நீங்கள் அந்த 52 நாள் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாலும் உள்ளே சுரப்பது சுரந்திருக்கும். அழுவது பிள்ளையைக் கரைக்காது. அழக்கூடாது என்று தொண்டையில் அடக்கிக்கொண்டு சோற்றைத் தள்ளிவைப்பதுதான் கெடுதல். அந்த நாட்களில் ஒரு வேளைதான் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறித்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'டென்ஷன் ஆகாதேம்மா' என்பது எங்கள் வாயில் ரொம்பச் சுலபமாக வருகிற வார்த்தை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே அப்படி ஒரு பெண்ணிடம் சொல்லி அனுப்பினேன். தலை கனமாக இருக்கிறது என்றாள். வீட்டுக்காரர் குடிக்கிறார் என்றும் சொன்னாள். இரண்டாவதைக் கேட்டதும் முதலாவதற்கு அதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பிரசர் பார்க்கவில்லை. அன்று ராத்திரி வலிப்போடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. உங்கள் மாமியாரின் 'ரத்தம்' மாதிரிதான் எங்கள் 'டென்ஷன்' என்ற சொல்லும். அதைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எதையும் பார்க்கத் தோன்றாது.

பிரசர்

அதனால் அந்த மூன்றாம் பக்க வரிக்கு வருகிறேன். காலோடு முகமும் வீங்கி, தலைவலி வந்து, பிரசர் ஏறி, 36 வாரத்தில் வலி வரவைத்தார்கள் என்றால் அது பெரும்பாலும் கர்ப்பகால ரத்த அழுத்த நோய். சிறுநீரில் புரதமும் போயிருந்தால் 'ப்ரீஎக்லாம்சியா' என்போம். அது நஞ்சுக்கொடியின் ரத்தக் குழாய்களில் வரும் கோளாறு. பிள்ளைக்குப் போகிற சாப்பாட்டுக் குழாய் குறுகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் சின்னதாகப் பிறந்ததற்கு ஆக இரண்டு காரணம். ஒன்று, நாலு வாரம் முன்னால் வந்தாள். கடைசி வாரங்களில் பிள்ளை வாரத்துக்குச் சுமார் 200 கிராம் போடும், அது போச்சு. இரண்டாவது, 36 வாரத்துக்கும் 1,900 கிராம் குறைவுதான். உள்ளேயே இளைத்திருக்கிறாள். கவலையும் ஒரு வேளைச் சோறும் அதில் பங்கு வைத்திருக்கலாம். எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. ஆனால் பிரசர் அளந்து பார்க்கக் கூடியது, மருந்துள்ளது. அதனால் முதலில் அதைப் பிடிப்போம்.

ஒரு முறை வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இதைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை தருவது வழக்கம். 16 வாரத்துக்குள் தொடங்கினால் நல்லது, ஆனால் 17 ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம், இன்னும் தொடங்கலாம். கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. வயிற்றுப் புண், ஆஸ்துமா உண்டா என்று பார்த்து டாக்டர்தான் எழுத வேண்டும். 'போன தடவை எனக்குப் பிரசர் ஏறி வலி வரவைத்தார்கள், ஆஸ்பிரின் வேண்டுமா?' என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள்.

கால்சியம் மாத்திரை தருகிறார்களா? அது எலும்புக்கு என்று நினைத்துப் பலர் பரணில் போட்டுவிடுகிறார்கள். பால், தயிர் அதிகம் சேராத பெண்களுக்கு அது பிரசரையும் தடுக்கிறது. நாளுக்கு இரண்டு, சாப்பாட்டோடு. இரும்பு மாத்திரையை அதோடு சேர்த்துப் போடாதீர்கள், ஒன்றை ஒன்று கெடுக்கும். டீயோடும் வேண்டாம். இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போவது சாதாரணம். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கடிதத்தில் இல்லை. 11க்குக் கீழே என்றால் ரத்தசோகை. மாத்திரையில் ஏறவில்லை என்றால் ஊசி வழியாக இரும்பு ஏற்றலாம், அரசு மருத்துவமனையிலேயே இலவசம்.

ஒவ்வொரு தடவையும் பிரசர் எவ்வளவு என்று எண்ணைக் கேட்டு அட்டையில் எழுதச் சொல்லுங்கள். 'நார்மல்' என்ற பதில் போதாது. 140/90 தொட்டால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். 28 வாரத்துக்கு மேல் பிள்ளை வளர்கிறதா என்று பார்க்க ஸ்கேன் வேண்டும், உங்களுக்கு ஒன்றுக்கு மேல் தேவைப்படும். விடாத தலைவலி, கண் மங்குதல், மேல் வயிற்றில் வலி, பிள்ளை அசைவு குறைதல், ரத்தப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேர நேரம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். மதுரையில் பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக் கடன் வாங்கிப் போகலாமா என்று கேட்டீர்கள். இப்போதைக்குத் தேவையில்லை. பிரசரோ பிள்ளை வளர்ச்சியோ கெட்டால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேருங்கள், பச்சிளங்குழந்தைப் பிரிவு இருக்கிற இடத்தில் பிரசவம் நடக்க வேண்டும். அதற்குக் கடன் வேண்டாம்.

சோறு, தண்ணீர் வண்டி

நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும் என்பது உங்கள் விஷயத்தில் வேண்டாத பயம். சர்க்கரை இருந்தால் வேறு பேச்சு. 43 கிலோவில் கர்ப்பமான பெண் பத்துப் பன்னிரண்டு கிலோ போடலாம், போட வேண்டும். கம்பெனிக்குப் போகிற இறாலும் நண்டும் உங்களுக்குத் தேவையில்லை. விலை போகாமல் வீட்டுக்கு வருகிற சூடை, நெத்திலி, காரல் இருக்கிறதே, அதுதான் சத்து. சுறா மாதிரிப் பெரிய மீன்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், பாதரசம் சேரும். முட்டை தினமும் ஒன்று, இந்த முறை உங்களுக்கு. முருங்கைக்கீரை, அங்கன்வாடி சத்துமாவு. மாவை வீட்டில் எல்லோருக்கும் கொழுக்கட்டை பிடித்துவிட வேண்டாம். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிச்சம் இருப்பதைத் தின்கிற பழக்கம் இருக்கிறது பாருங்கள், இந்த ஐந்து மாதம் அதை விடுங்கள்.

தள்ளுவண்டியில் எட்டுக் குடம் வைத்து மணலில் தள்ளிக்கொண்டு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வண்டியை நானும் பார்த்திருக்கிறேன், சக்கரம் புதைந்தால் ஆண்பிள்ளைக்கே மூச்சு வாங்கும். 28 வாரத்துக்கு மேல் அது கூடவே கூடாது. இப்போதே வேறு யாராவது தள்ளட்டும். கணவரிடம் இதை டாக்டர் எழுதிக் கொடுத்ததாகக் காட்டுங்கள். விறகடுப்புப் புகையும் பிள்ளை எடையைக் குறைக்கும், சிலிண்டர் தீர்ந்தாலும் குனிந்து ஊதுகிற வேலை உங்களுக்கு வேண்டாம்.

கேட்டு வாங்க வேண்டியவை

முகாமில் பிறந்தவள் என்பதால் எதையும் கேட்கப் பயமாக இருக்கிறது என்கிறீர்கள். அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்குப் பரிசோதனை, மருந்து, பிரசவம், ஆபரேஷன், ரத்தம், போய்வர வண்டி எல்லாம் இலவசம். வலியோடு வருகிறவளிடம் எந்த ஊர், எந்த அட்டை என்று கேட்டுத் திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமையில்லை. கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, கர்ப்பத்தைப் பதிந்ததற்குத் தருகிற பிக்மி எண்ணை வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி உண்டு. உங்கள் ஆவணங்களுக்கு என்ன சேர்க்க வேண்டும் என்று செவிலியரிடமும் முகாம் அலுவலகத்திலும் இப்போதே கேளுங்கள், ஒன்பதாம் மாதத்தில் அலைய வேண்டாம்.

தூக்கமில்லாத இரவுகளுக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. மாமியாரின் பேச்சு அடி உதை வரை போனால் பெண்கள் உதவி எண் 181. அந்த அளவுக்கு இல்லை என்று நீங்களே எழுதியிருப்பதால் வேறொன்று சொல்கிறேன். அடுத்த செக்கப்புக்கு மாமியாரையே கூட்டிக்கொண்டு போங்கள். பிரசர்தான் காரணம் என்று டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும். வீட்டில் நீங்கள் நூறு தடவை சொன்னாலும் ஏறாதது அங்கே ஒரு தடவையில் ஏறும், பலமுறை பார்த்திருக்கிறேன். கணவர் பேசாமல் இருப்பதைப் பற்றி: சிறையிலிருந்து வந்தவருக்கும் உள்ளே ஏதாவது கிடக்கும். அந்த 14416 அவருக்கும்தான்.

மூத்தவள் விஷயம். மூன்று வயதில் ஓடுகிறாள், பாட்டுப் பாடுகிறாள், அம்மம்மாவோடு வாய்க்கு வாய் கதைக்கிறாள் என்று நீங்களே எழுதிவிட்டு மந்தமாவாளா என்று கேட்கிறீர்களே. எடை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்களான பிறகு சர்க்கரை, பிரசர் வரும் வாய்ப்புக் கொஞ்சம் அதிகம். அதனால் அவளைக் குண்டாக்கிக் காட்ட வேண்டும் என்று பிஸ்கட்டும் இனிப்பும் திணிக்காதீர்கள்.

இந்தப் பிள்ளையும் 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தால்? நம் நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை அப்படித்தான் பிறக்கிறது. நெஞ்சோடு தோல் படக் கட்டி வைக்கிற கங்காரு முறையும் தாய்ப்பாலும் போதும், பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடும். உங்கள் தேதி மே மாத நடுவில் வருகிறது. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் இருக்கும். கணவரும் நெஞ்சில் கட்டிக்கொள்ளலாம், அதற்குத் தாய்தான் வேண்டும் என்றில்லை.

போன பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டு முகாமில் அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். திங்கட்கிழமைக்குள் அதை எடுத்து வரச் சொல்லுங்கள்.